வீட்டில் கேட்டு வரவும்

எங்கள் தெருவில் குடியிருக்கும் சுகன்யா ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. போன மாதம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பிள்ளைகளுக்குச் செயல்திட்டம் ஒன்று கொடுக்க வேண்டுமாம். 'பல சமயங்கள், பல நம்பிக்கைகள்' என்பது தலைப்பு. "நீங்க அந்தக் காலத்துல நீதிபோதனை வகுப்பு எடுத்தவுகளாச்சே டீச்சர், சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கடைசி வரியில், 'உங்கள் குடும்பத்தின் வழிபாட்டு முறையைப் பற்றி வீட்டில் கேட்டு வரவும்' என்று இருந்தது. எண்பதைத் தாண்டிய நான் அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

"என்ன டீச்சர், தப்பா இருக்கா?"

"தப்பெல்லாம் இல்லை. நானும் ஒரு காலத்துல இதையேதான் எழுதுனேன்" என்றேன். வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு ஊர் மானகிரி. வெள்ளாமைக் குடும்பம். அப்பா போன பிறகு வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார் அம்மா. அங்கே இரண்டு வருஷத்தில் நான் கற்றது, கரும்பலகையில் கோணாமல் எழுதுவது, குரலை உயர்த்தாமல் அதட்டுவது, பாடக் குறிப்பு எழுதுவது ஆகிய மூன்றுதான். மதத்தைப் பற்றி வகுப்பில் எப்படி வாய் திறப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அறுபதுகளின் நடுவில் காரைக்குடியில் ஒரு பெண்கள் நடுநிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. செட்டியார் குடும்பம் ஒன்று நடத்திய பள்ளி. இரண்டு வருஷம் தகுதிகாண் பருவம். அதற்குள் நிர்வாகம் முகம் சுளித்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் கீழே இரண்டு தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். என் வேலையை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

தலைமை ஆசிரியை ஞானம்மாள். பள்ளி முழுக்கப் 'பெரிய டீச்சர்' என்போம். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். நெற்றியில் ஒன்றும் இருக்காது. ஆனால் வெள்ளிக்கிழமை காலை இறைவணக்கம் முடிந்ததும் பிள்ளைகளுக்குத் திருநீறு கொடுப்பது அவர்தான். நிர்வாகம் வைத்த வழக்கம் அது. பித்தளைத் தட்டை இடது கையில் ஏந்தி, ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை வைப்பார். முஸ்லிம் பிள்ளை வரும்போது தட்டு கொஞ்சம் விலகும், அவர் கை அந்தப் பிள்ளையின் தலையைத் தொட்டு அனுப்பும். வரிசை நிற்காது. பின்னால் இருப்பவளுக்கு அங்கே ஒன்று நடந்ததே தெரியாது. முடிந்ததும் குழாயடியில் விரல்களைக் கழுவிவிட்டு அறைக்குப் போவார்.

ஒரு தடவை துணிந்து கேட்டேன். "உங்களுக்கு ஒரு மாதிரியா இல்லையா டீச்சர்?"

"குடுக்கச் சொன்னாக, குடுக்கிறேன். பூசிக்கிரச் சொன்னாத்தான் யோசிக்கணும்" என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

ஏழாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை நீதிபோதனை. மற்ற ஆசிரியைகள் அதில் திருத்த வேண்டிய நோட்டுகளைத் திருத்துவார்கள். நான் புதிது. புது விளக்குமாறு நன்றாகப் பெருக்கும் அல்லவா? சமயங்களைப் பற்றிப் புத்தகத்தில் இருந்த பாடங்களை ஒன்றுவிடாமல் நடத்தினேன். மதத்துக்கு ஒரு பக்கம் என்று அதில் பங்கு போட்டு வைத்திருந்தார்கள்.

இஸ்லாம் பற்றிய பக்கத்தை நடத்தியபோது, "முஸ்லிம்கள் மெக்காவில் உள்ள காபாவைக் கும்பிடுகிறார்கள்" என்று சொன்னேன். இரண்டாம் பெஞ்சில் நூர்ஜஹான் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. திங்கட்கிழமை காலை அவளைப் பெற்ற அத்தா வாசலில் நின்றார். புதுவயலில் அரிசி மில் ஒன்றில் மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. சட்டையெல்லாம் தவிட்டுத் தூசி.

"டீச்சர், தப்பா நெனைக்கக் கூடாது. நாங்க காபாவைக் கும்பிடலை. அது எங்களுக்குத் திசை. அங்குட்டுப் பாத்து நின்னு அல்லாவைத் தொழுகிறோம். டீச்சரே தப்பாச் சொல்லிட்டாகளேன்னு பிள்ளை ஒரே அழுகை. அதான் வந்தேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் அவ்வளவு பணிவாகச் சொன்னதில் எனக்கு உடம்பு கூசிவிட்டது. வகுப்பில் திருத்திச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன்.

பெரிய டீச்சருக்கு விஷயம் போய்விட்டது. கூப்பிட்டார். "காந்திமதி, எந்த மதத்தைப் பத்திப் பேசினாலும் அந்த மதத்துப் பிள்ளையோட அம்மா சன்னலுக்கு வெளியில நிக்கிறான்னு நெனச்சுப் பேசு" என்றார். அவ்வளவுதான். மெமோ இல்லை, கண்டிப்பு இல்லை.

இதில்தான் என் புத்தி வேலை செய்தது. அம்மா சன்னலுக்கு வெளியே நிற்கிறாள் என்றால், நான் ஏன் அவளுக்குப் பதிலாகப் பேச வேண்டும்? அவளையே சொல்லச் சொன்னால் என்ன? ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு நான் உளறுவதைவிட, பிள்ளை வீட்டில் கேட்டு வந்து சொல்வது மேல். அந்த வாரப் பாடக் குறிப்பில் எழுதினேன்.

பாடக் குறிப்பு நோட்டு என்றால் இப்போதுள்ளவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாரத்துக்கு இரண்டு பக்கம். பாடம், நோக்கம், துணைக்கருவி, கற்பிக்கும் முறை, வீட்டுப்பாடம் என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். திங்கட்கிழமை காலை பெரிய டீச்சர் அறைக்குப் போய்க் கையெழுத்தாகி வர வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத பாடத்தை நடத்தினால் குற்றம். கையெழுத்தான பாடத்தில் ஏதாவது வந்தால் பொறுப்பு இரண்டு பேருக்கும். வீட்டுப்பாடக் கட்டத்தில் நான் எழுதியது: 'உங்கள் வீட்டில் யாரைக் கும்பிடுகிறீர்கள், எப்படி, ஏன் என்று வீட்டில் கேட்டு வரவும்.' கீழே பச்சை மையில் ஞானம்மாள் என்ற கையெழுத்து விழுந்தது. வாரத்துக்குப் பத்து ஆசிரியைகளின் நோட்டு. படித்துத்தான் போட்டாரா என்று எனக்குத் தெரியாது.

என் நோட்டை அவர் அறைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது வகுப்புத் தலைவி உமையாள். செட்டியார் வீட்டுப் பிள்ளை, பன்னிரண்டு வயது. பள்ளித் தாளாளருக்கு அவளுடைய அப்பச்சி, அதாவது அப்பா, நெருங்கிய பங்காளி. ஆனால் அந்தப் பகட்டு அவளிடம் இருக்காது. ஒரு தடவை என் மேசையில் மைப்புட்டியைத் தட்டிவிட்டாள். நோட்டின் அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக்கறை. பயந்து அழுதவளிடம், "விடு, இனி நோட்டு மாறிப் போகாது. அடையாளத்துக்கு ஆச்சு" என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

முதல் இரண்டு வெள்ளிக்கிழமைகள் அமர்க்களமாகப் போயின. நூர்ஜஹான் எழுந்து நோன்பு பற்றிச் சொன்னாள். ஒரு பிள்ளை தங்கள் கருப்பருக்கு அரிவாள் ஏன் என்று சொன்னாள். மலர்விழியின் அப்பா கருப்புச் சட்டைக்காரர், சாமி இல்லை என்று மேடையில் பேசுகிறவர். அவள் எழுந்து, "எங்க வீட்ல சாமி கெடையாது டீச்சர். அப்பா வெளியூர் போனா மட்டும் இருக்கும். அம்மா அரிசிப் பானைக்குள்ளேருந்து படத்தை எடுத்து வச்சுக் கும்பிடும்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பில் நான் விழித்திருக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது, அந்த அம்மாவுக்கு இன்று வீட்டில் என்ன ஆகுமோ என்று யோசித்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. நல்ல வகுப்பு எடுத்த பெருமையில் மானகிரிக்கு பஸ் ஏறிப் போய்விட்டேன்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை உமையாள் எழுந்தாள்.

"எங்க வீட்ல அடைக்கம்மை ஆச்சிக்குப் படைக்கிறோம் டீச்சர்."

செட்டியார் வீடுகளில் குடும்பத்தில் இறந்துபோன ஒருவரைத் தெய்வமாக வைத்து வருஷத்துக்கு ஒரு தடவை படையல் போடுவது உண்டு. படைப்பு என்பார்கள். உமையாள் அழகாகச் சொன்னாள். புதுக் கண்டாங்கிச் சேலை வைப்பார்களாம். போன வருஷத்துச் சேலையைப் பேழையிலிருந்து எடுத்து வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாளாம். பங்காளிகளைத் தவிர ஒருவரும் உள்ளே வரக் கூடாதாம். படைத்த சோறு வெளியாருக்குக் கிடையாதாம். நான் அங்கேயே, "ரொம்ப நல்லது, உக்காரு" என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கில் சனி.

"அந்த ஆச்சியை ஏன் கும்பிடுறீங்கன்னு கேட்டியா?"

"கேட்டேன் டீச்சர். வாந்திபேதியில போனாகன்னு ஆத்தா சொன்னாக. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவாக. நீங்க 'ஏன்'னு கேட்டு வரச் சொன்னீகள்ல, அதுனால ஐயாகிட்டயும் கேட்டேன்." ஆத்தா என்றது அவளுடைய அம்மாவை, ஐயா என்றது தாத்தாவை. "ஐயாவோட சித்தப்பா, அடைக்கம்மை ஆச்சியைக் கட்டினவுக, பர்மாவுக்கு வட்டித் தொழிலுக்குக் கொண்டுவிக்கப் போயிட்டு, வரயில அங்குட்டு ஒருத்தவுகளைக் கட்டிக் கூட்டியாந்துட்டாகளாம். வீட்ல அவுகளுக்கு மொதப் பந்தியில இலை போட்டாகளாம். அடைக்கம்மை ஆச்சிக்குப் போடலையாம். மூணாம் நாளு ஆச்சி ரெண்டாங்கட்டுக் கெணத்துல விழுந்துட்டாக. அன்னைக்கு இலை போடலையில்ல டீச்சர், அதான் இப்ப வருஷா வருஷம் ஆச்சிக்கு மொத இலை போடுறோம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு வழிபாட்டுக்கு இதைவிடத் தெளிவாகக் காரணம் சொல்லி நான் இன்றுவரை கேட்டதில்லை. அந்த நிமிஷம் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த நிமிஷம்தான் வகுப்பைப் பார்த்தேன். நாற்பது பிள்ளைகள். அதில் பாதிப் பேர் உமையாளின் பங்காளிகள் வீட்டிலிருந்தும் சம்மந்தம் செய்யும் வீடுகளிலிருந்தும் வந்தவர்கள். மணி அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். ஒவ்வொருத்தியும் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

திங்கட்கிழமைக்குள் கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டார்கள். அந்த வீடே பர்மாக்காரி வழியில் வந்த வீடு என்று ஒரு பேச்சு. உமையாளின் அக்காவுக்கு அப்போது சம்மந்தம் பேசி முடிக்கும் நேரம். செட்டியார்களின் ஒன்பது கோயில் பிரிவுகளில் அவர்கள் இளையாத்தங்குடியைச் சேர்ந்தவர்கள். வம்சத்தைப் பற்றி ஒரு சொல் வந்தால் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்கக்கூட வரமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அவளுடைய அப்பச்சி வந்தார். பெரிய டீச்சர் அறையில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர் சத்தம் போடவில்லை. துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பெரிய டீச்சரிடம் பேசினார்.

"பங்காளியைத் தவிர ஒருத்தரையும் உள்ள விடமாட்டோம் அம்மா. கட்டிக்குடுத்த பிள்ளையோட மாமியா வீட்டாரைக்கூட விடமாட்டோம். அந்த எடத்துக்கு உங்க டீச்சர் நாப்பது பிள்ளைகளைக் கூட்டியாந்து உக்கார வச்சிட்டாக." துண்டின் மடிப்பை நீவிவிட்டார். "டீச்சர் கேட்டதுனால எம் பிள்ளை சொன்னாளா, தானாச் சொன்னாளா? எனக்கு அது தெரியணும். தானாச் சொல்லியிருந்தா அது எங்க வீட்டு வளப்பு. கேட்டுச் சொல்லியிருந்தா அது உங்க பள்ளிக்கூடம்."

அடுத்த திங்கட்கிழமை தாளாளர் நேரில் வந்து விசாரிப்பார், பாடக் குறிப்பு நோட்டைத் தயாராக வைத்திருக்கவும் என்று சாயங்காலமே கடிதம் வந்தது.

அந்த வாரத்தில் நான் சாப்பிட்டது நினைவில்லை. பியூன் சுற்றறிக்கை நோட்டோடு வகுப்பு வாசலில் நிழல் காட்டினால் போதும், கையில் சாக்பீஸ் ஈரமாகிவிடும். உமையாள் அந்த வாரம் பள்ளிக்கு வரவில்லை. அவளை அடித்தார்களா, வைதார்களா என்று யாரிடம் கேட்பது? கேட்டால் அதுவும் ஒரு குற்றமாகிவிடுமோ என்று பயம். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா நேராக அந்த வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்துவிடுவார்.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. பிள்ளைகள் போன பிறகு பெரிய டீச்சர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் என் நோட்டு, கறை படிந்த அட்டையோடு இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். என் வரிக்குக் கீழே அவர் கையெழுத்து, பச்சை மையில், தெளிவாக.

"உன் வேலை போனா நீ வேற பள்ளிக்கூடம் பாத்துக்கிரலாம். எனக்கு அப்படி இல்லை காந்திமதி. 'வேதக்காரி கையெழுத்துப் போட்டு நம்ம வீட்டுச் சாமியைச் சந்திக்கு இழுத்துட்டா'ன்னு ஒரு சொல்லு வந்தாப் போதும். எனக்குப் பின்னால எங்க ஆளுக ஒருத்திக்கும் இங்க வேலை கெடைக்காது."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு புது நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். அதே அளவு, அதே கம்பெனி நோட்டு.

பதினான்கு வாரப் பாடக் குறிப்பையும் அங்கேயே உட்கார்ந்து மறுபடி எழுதினேன். மூன்று வாரங்களில் வீட்டுப்பாடக் கட்டத்தில் மட்டும் மாற்றம். 'பாடத்தை இருமுறை வாசித்து வரவும்.' கை வலித்தது. ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று நடுவில் பேனாவை மாற்றச் சொன்னார். நான் முடிக்க முடிக்க அவர் வாங்கி, பழைய தேதிகளைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். ஒரு வாரத்தில் நிறுத்தினார். "இந்த வாரம் நான் லீவு. இதுல என் கையெழுத்து இருந்தா மாட்டிக்கிருவோம்" என்று அதை வெறுமையாக விட்டார். மை ஒற்றும் காகிதத்தை அழுத்தும்போது அவர் விரல்களைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் திருநீறு எடுக்கும் அதே விரல்கள்.

"வேற பிள்ளைககிட்டக் கேட்டா டீச்சர்?" என்றேன்.

"கேக்க மாட்டாக. கேட்டா இன்னும் பரவும். அந்தப் பிள்ளை ஒருத்தியைத்தான் கேப்பாக."

"அவ உண்மையைச் சொன்னா?"

"நோட்டுல இல்லையே."

அதாவது பிள்ளை பொய் சொல்கிறாள் என்று ஆகும். இரண்டு பேரும் அதைப் புரிந்துகொண்டோம், இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. வேண்டாம் டீச்சர், நானே ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் புது நோட்டை எடுத்து நீட்டியபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்பதுதான் நிஜம். முடித்ததும் அவர் செபம் கிபம் ஒன்றும் சொல்லவில்லை. "கதவைத் தெற, புழுங்குது. பழைய நோட்டை அடுப்புல போட்டுரு" என்றார்.

திங்கட்கிழமை தாளாளர் பெரிய டீச்சருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உமையாளின் அப்பச்சி. பெரிய டீச்சரும் நானும் நின்றோம். தாளாளர் நோட்டைப் புரட்டினார். அந்த வாரத்துக்கு வந்ததும் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"வீட்ல கேட்டு வரச் சொன்னதா இதுல ஒண்ணும் இல்லையே" என்றார். நோட்டை மூடி மேசையில் வைத்தார். "பிள்ளையைக் கூப்பிடுங்க."

உமையாள் உள்ளே வந்தாள். ஒரு வாரத்தில் முகம் சுண்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும், தைரியம் வந்த மாதிரி நிமிர்ந்தாள். டீச்சர் இருக்கிறார், டீச்சர் சொல்லிவிடுவார் என்று நினைத்திருப்பாள்.

அவளுடைய அப்பச்சி கேட்டார். "டீச்சர் கேட்டு வரச் சொல்லித்தான் வகுப்புல சொன்னியா? உள்ளதைச் சொல்லு ஆத்தா, அடிக்க மாட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். அப்போது அவள் கண் மேசைக்குப் போனது. நோட்டின் அட்டையைப் பார்த்தாள். கறை இல்லாத, புத்தம் புது அட்டை. வாராவாரம் அந்த நோட்டைச் சுமந்தவள் அவள். பதினான்கு வாரத்தை இரண்டு பெரிய மனுஷிகள் உட்கார்ந்து அச்சுப் பிசகாமல் எழுதிவிட்டோம், அட்டையை மறந்துவிட்டோம். அவள் அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லை அப்பச்சி" என்றாள். "டீச்சர் கேக்கலை. நானாத்தான் சொன்னேன்."

அப்பச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "டீச்சரைத் தப்பா நெனச்சுட்டேன். மனசுல வச்சுக்கிராதீக" என்று என்னிடம் சொன்னார். என்னிடம்! பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

மறுநாள் மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஆள் வந்தது. படித்தது போதும் என்று முடிவாகிவிட்டதாம். அவளுடைய அக்காவுக்கு அதே சம்மந்தம் முடிந்து கல்யாணமும் நடந்தது. பிள்ளை வாய்க்கு வந்தபடி கதை கட்டிவிட்டாள் என்று அந்த வீட்டாரே சொல்லிச் சமாளித்தார்களாம். மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை' என்ற இடத்தில் எல்லாருக்கும் 'நன்று' என்று எழுதுவதுதான் வழக்கம். பெரிய டீச்சர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு, 'மிக நன்று' என்று எழுதினார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதன்பின் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் நோட்டை அவர் வரி விடாமல் படித்துத்தான் கையெழுத்திட்டார்.

எனக்குத் தகுதிகாண் பருவம் முடிந்து வேலை நிரந்தரமானது. நீதிபோதனை வகுப்பில் நானும் மற்றவர்களைப் போல நோட்டுத் திருத்த ஆரம்பித்தேன். வாய்மை பற்றிய பாடம் வந்தால் ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லிவிடுவேன். பழைய நோட்டை மட்டும் எரிக்கவில்லை. அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன், முடியவில்லை. ட்ரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் போட்டு வைத்தேன்.

பெரிய டீச்சர் ஓய்வு பெற்ற பின், எழுபதுகளின் பாதியில் நான் அந்த நாற்காலிக்கு வந்தேன். வெள்ளிக்கிழமைத் திருநீற்றுத் தட்டும் என் கைக்கு வந்தது. ஒரு ஜூன் மாதம் சேர்க்கை நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பெண் ஐந்து வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். கழுத்தில் தாலி, கையில் வளையல்கள். நிமிர்ந்து பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"நல்லா இருக்கீகளா டீச்சர்?"

"உக்காரு உமையாள்" என்றேன். அவள் உட்காரவில்லை.

"மாமியா வீடும் இதே ஊருதான். இவ என் ரெண்டாவது மக. இங்கதான் சேக்கணும்னு வந்தேன்" என்றாள். சாதாரணமாகத்தான் பேசினாள். முகத்தில் சிரிப்புகூட இருந்தது. "ஒண்ணே ஒண்ணு டீச்சர். இவளை எதையும் வீட்ல கேட்டு வரச் சொல்லிறாதீக. இவ கேட்டா நான் உள்ளதைச் சொல்லிப்புடுவேன். இவ இங்குட்டு வந்து அப்படியே சொல்லுவா. அப்பறம் அன்னைக்கு மாதிரி ஆனா, இந்தத் தடவை ஆரு பொய் சொல்றது?"

பழைய நோட்டு என்னிடம் இருக்கிறது, எரிக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லி அவளுக்கு என்ன பயன்? பன்னிரண்டு வருஷம் எங்கே போயிருந்தது அந்த நோட்டு? சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தேன்.

"பேரு?"

"அடைக்கம்மை" என்றாள். "மூத்தவளுக்கு மாமியா பேரு. இவளுக்கு நான் வச்சேன்."

எழுதினேன். குழந்தை மேசையைப் பிடித்து எக்கி, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"டீச்சர், எம் பேரு ஆரு பேருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

உமையாள் அவளை அடக்கவில்லை. நான் சொல்லட்டும் என்று நின்றாள்.

"தெரியும்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அன்றைக்கும் தைரியம் வரவில்லை.